'லக்ஸூரியன்ட்' என்றால் சொகுசா, செழிப்பா? சுங்குவார்சத்திரம் வயலிலும் ஏரியிலும் புரியும் ஒரு லத்தீன் சொல்

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி சுங்குவார்சத்திரம் போகிறவர்கள், மனை விளம்பரப் பலகைகளைப் பார்க்காமல் போக முடியாது. செல்போன் ஆலை, டிவி - ஃபிரிட்ஜ் ஆலை, அந்தப் பக்கம் ஒரகடம் போனால் கார், பைக், லாரி ஆலைகள் என்று வேலைவாய்ப்பு குவிந்திருக்கும் பகுதி. அதனால் வீட்டு மனைக்கும் கிராக்கி. 'லக்ஸரி வில்லா', 'லக்ஸரி அபார்ட்மென்ட்', 'பசுமை சூழ்ந்த மனைகள்' என்பதெல்லாம் இங்கே பழகிப்போன வார்த்தைகள். இரண்டையும் ஒட்டவைத்து 'லக்ஸூரியஸ் கிரீனரி' என்று எழுதுவதும் விளம்பர ஆங்கிலத்தில் சாதாரணமாகிவிட்டது.

ஆனால் அந்தக் கடைசித் தொடர் தவறு. பசுமைக்குப் போட வேண்டிய சொல் 'லக்ஸூரியன்ட்'. எஸ்எஸ்சி, வங்கித் தேர்வு எழுதுபவர்களுக்கு இந்த ஜோடி தெரிந்திருக்கும். குழப்பம் தரும் சொற்கள் பட்டியலில் தவறாமல் இருக்கும்.

அந்த ஒரு மதிப்பெண்ணோடு விஷயம் முடிந்துவிடவில்லை. இந்தச் சொல் பிறந்த லத்தீன் மொழியில், 'செழிப்பாக வளர்ந்திருக்கிறது' என்பது எப்போதுமே பாராட்டு கிடையாது. பல நேரம் அது ஒரு எச்சரிக்கை. நம்ம ஊர் விவசாயிகளுக்கு அந்த எச்சரிக்கை நன்றாகவே தெரியும். விரிவாகப் பார்க்கலாம்.

இரண்டு சொல்லுக்கும் என்ன வித்தியாசம்?

லக்ஸூரியஸ் என்றால் சொகுசான, ஆடம்பரமான. கார், ஹோட்டல் அறை, சோபா, பட்டுப்புடவை ஆகியவற்றுக்குப் போடலாம். பணம் செலவாகும், உடம்புக்கு சுகம் கிடைக்கும்.

லக்ஸூரியன்ட் என்றால் அடர்ந்து, தழைத்து, மிகுதியாக வளர்ந்த. காடு, கொடி, புல்வெளி, தாடி, தலைமுடி, இவற்றுக்குப் போடலாம். பைசா செலவில்லாமல் வேலியோரம் மண்டிக் கிடக்கும் கோவைக்கொடியும் லக்ஸூரியன்ட்தான். ஷாம்பு விளம்பரத்தில் 'லக்ஸூரியஸ் ஹேர்' என்று வந்தால் பட்டுப் போன்ற சொகுசான கூந்தல் என்று சமாளிக்கலாம். அடர்த்தியைத்தான் சொல்ல வேண்டும் என்றால் லக்ஸூரியன்ட் ஹேர்.

இன்னும் எளிதாக நினைவில் வைக்க வேண்டுமா? வளரும் பொருளுக்கு 'யன்ட்'. வாங்கும் பொருளுக்கு 'யஸ்'.

சரி, அர்த்தம் இவ்வளவு தள்ளி இருக்கும்போது உச்சரிப்பு ஏன் இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது? இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதால்தான்.

லத்தீனில் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் 'லுக்ஸுஸ்' என்று ஒரு பெயர்ச்சொல். அளவு மீறல், மிதமிஞ்சிய ஆடம்பரம் என்று பொருள். அதிலிருந்து வந்தது 'லுக்ஸூரியா'. இதற்கு இரண்டு பொருள் இருந்தன. ஒன்று, மனிதர்களின் ஊதாரித்தனம். இன்னொன்று, செடிகொடிகளின் மிதமிஞ்சிய வளர்ச்சி. அதே குடும்பத்தில் ஒரு வினைச்சொல்லும் உண்டு: 'லுக்ஸூரியாரே'. பயிரைப் பற்றிச் சொன்னால் 'அளவுக்கு மேல் தழைத்து வளர்தல்'. ஆளைப் பற்றிச் சொன்னால் 'ஆடித் திரிதல், தறிகெட்டு வாழ்தல்'.

இந்த வினையின் நிகழ்கால எச்சம் 'லுக்ஸூரியான்ஸ்'. தமிழில் சொன்னால் 'தழைத்துக்கொண்டிருக்கிற'. வேற்றுமை உருபு சேரும்போது இதன் முடிவு 'யான்ட்' என்று மாறும். அந்த 'ட்' சத்தம்தான் ஆங்கிலத்தில் லக்ஸூரியன்ட் என்று நிலைத்தது. ஸ்டூடன்ட், ஏஜென்ட் என்ற சொற்களின் கடைசி 'ட்' வந்த வழியும் இதுவே. ஆங்கிலத்தில் இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில்.

அந்த வாலில் ஒரு விஷயம் இருக்கிறது. எச்சம் என்பதால், செயல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். லக்ஸூரியன்ட் என்பது வளர்ந்து நின்றுவிட்ட பொருளைக் குறிக்கப் பிறந்த சொல் இல்லை. வளர்ந்துகொண்டே இருக்கிற, அடங்காத பொருளைக் குறிக்கப் பிறந்தது.

இங்கே ஒரு சின்ன சந்தேகம் எல்லோருக்கும் வரும். லக்ஸ் சோப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? லத்தீனில் 'லூக்ஸ்' என்றால் வெளிச்சம். வெளிச்சத்தை அளக்கும் அலகுக்கும் லக்ஸ் என்றே பெயர். அது வேறு வேர், லுக்ஸுஸ் வேறு வேர். சோப்பின் பெயரைக் கேட்டால் வெளிச்சமும் ஞாபகம் வருகிறது, சொகுசும் ஞாபகம் வருகிறது. பெயர் எடுபட்டதற்கு அதுவே போதும்.

உண்மையான உறவு எதிர்பாராத இடத்தில் இருக்கிறது: எலும்பு டாக்டரிடம். மூட்டு நழுவுவதை மருத்துவத்தில் 'லக்ஸேஷன்' என்பார்கள். பாதி நழுவினால் 'சப்லக்ஸேஷன்'. இது லத்தீனில் 'இடம் பிசகிய' என்று பொருள்படும் 'லுக்ஸுஸ்' என்ற பெயரடையிலிருந்து வந்தது. ஆடம்பரத்தைக் குறிக்கும் லுக்ஸுஸும் இந்த லுக்ஸுஸும் ஒரே வேரிலிருந்து வந்திருக்கலாம் என்று சொற்பிறப்பு ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். வளைதல், முறுக்கிக்கொள்ளுதல் என்பது அந்த வேரின் பொருள். நேராக இருக்க வேண்டியது கோணிக்கொண்டது; அளவோடு இருக்க வேண்டியது அளவு தாண்டியது. இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

ரோமானிய விவசாயி ஏன் பயந்தான்?

ரோமானியக் கவிஞர் வெர்ஜில் விவசாயத்தைப் பற்றியே ஒரு நீண்ட கவிதை நூல் எழுதினார். பெயர் ஜார்ஜிக்ஸ். கி.மு. 29 வாக்கில் முடிந்தது. அதில் ஒரு விவசாய உத்தி வருகிறது. தானியப் பயிர் இளசாக இருக்கும்போதே அளவுக்கு மீறித் தழைத்துவிட்டால், அந்த மிகுதியை ஆடுமாடு விட்டு மேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் கதிர் கனத்து, தண்டு தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும். அந்த மிகுதியான தழைப்புக்கு அவர் போட்ட சொல் லுக்ஸூரியா குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

கிட்டத்தட்ட 2,050 வருஷத்துக்கு முந்தைய இந்தக் கவலையை, சுங்குவார்சத்திரத்தைச் சுற்றி ஏரிப் பாசனத்தில் இன்னும் நெல் போடுகிறவர்களிடம் சொன்னால், யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். "யூரியா கூடிப்போச்சு, பயிர் பச்சை கட்டி நிக்குது, காத்து அடிச்சா படுத்துடும்" என்பது அதே பேச்சுதான்.

தமிழில் நைட்ரஜனுக்கு வேளாண் துறை வைத்திருக்கும் பெயர் தழைச்சத்து. பாஸ்பரஸ் மணிச்சத்து, பொட்டாசியம் சாம்பல் சத்து. இந்தப் பெயர்களை வைத்தவர்களைப் பாராட்ட வேண்டும். எது எதற்கு என்று பெயரே சொல்லிவிடுகிறது. தழைச்சத்து தழையைத் தரும். 'தழை' என்பது இலை என்ற பெயர்ச்சொல்லாகவும், செழித்து வளர் என்ற வினைச்சொல்லாகவும் தமிழில் ஒன்றாக இருப்பது இந்த இடத்தில் சரியாகப் பொருந்துகிறது.

தழைச்சத்து தேவைக்கு மேல் போனால் என்ன ஆகும்? இலை கரும்பச்சையாகும். செடி உயரும். தண்டு மெத்தென்று ஆகும். பார்க்க ரொம்ப அழகாக இருக்கும். ரோட்டில் போகிறவர் பைக்கை நிறுத்தி போட்டோ எடுப்பார். ஆனால் அந்த மெத்தென்ற பச்சைதான் இலை சுருட்டுப்புழுவுக்கும் புகையானுக்கும் பிடித்தது. குலை நோயும் அப்படிப்பட்ட பயிரைத்தான் சுலபமாகப் பிடிக்கும். கதிர் வாங்கிய பிறகு ஒரு காற்று மழை வந்தால் பயிர் படுத்துவிடும். வெள்ளைப் பொன்னி மாதிரி உயரமாக வளரும் ரகங்களில் இது இன்னும் அதிகம். வடகிழக்குப் பருவமழையில் சாய்ந்த நெல் தண்ணீரில் கிடந்தால் கதிரிலேயே முளைவிட்டுவிடும். முளைக்காமல் தப்பினாலும் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பிரச்சினை. பருவமழை நேரத்துச் செய்திகளில் 'ஈரப்பத அளவைத் தளர்த்த விவசாயிகள் கோரிக்கை' என்று அடிக்கடி பார்ப்பது இந்த 17ஐப் பற்றித்தான்.

அப்படியென்றால் ஏன் கூடுதலாகப் போடுகிறார்கள்? ஒரு காரணம் விலை. மானியத்தில் 45 கிலோ யூரியா மூட்டை 300 ரூபாய்க்குள் கிடைக்கிறது. டிஏபி 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். எது கையில் முதலில் வரும் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொரு காரணம் கண். யூரியா போட்ட சில நாளில் வயல் பச்சையாகி, போட்ட பணம் வேலை செய்வது கண்ணுக்குத் தெரிந்துவிடும். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் அப்படி உடனே முகம் காட்டாது.

இந்தக் கண் ஏமாற்றத்தைத் தடுக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கிறது. இலை வண்ண அட்டை என்று பெயர். வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை நிறக் கட்டங்கள் இருக்கும். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, முழுதாக விரிந்த இளம் இலையை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். வெயில் நேராக விழாமல் உடம்பு நிழலில் வைத்துப் பார்ப்பது முக்கியம். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. நிறம் அந்த எண்ணுக்குக் கீழே போனால் மட்டும் யூரியா போட்டால் போதும். பச்சையிலும் 'இது போதும்' என்று ஒரு கோடு உண்டு என்பதை அந்தப் பட்டை காட்டிவிடுகிறது.

மண்ணியல் படிப்பில் 'லக்ஸரி கன்சம்ப்ஷன்' என்றே ஒரு கலைச்சொல் உண்டு. செடி தனக்குத் தேவையானதைவிட அதிகமாக ஒரு சத்தை உறிஞ்சிவைத்துக்கொள்ளும், ஆனால் விளைச்சல் ஒரு படி கூட ஏறாது. பொட்டாசியத்தில் இது நன்றாகத் தெரியும். செடியும் சொகுசு அனுபவிக்கும், பில் விவசாயிக்கு.

தமிழில் இதே கதை: கொழுந்தும் கொழுப்பும்

லத்தீனில் பயிரின் மிகுதிக்கும் மனிதரின் ஆட்டத்துக்கும் ஒரே சொல் என்று பார்த்தோம். விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் தமிழில் 'கொழு' என்ற வேரை எடுத்துப் பாருங்கள்.

கொழுந்து என்றால் இளந்தளிர். கொழுமை என்றால் செழுமை. கொழுகொழு என்றால் குழந்தைக்கு அழகு. கொழுத்த ஆடு என்றால் சந்தையில் நல்ல விலை. அதுவே 'அவனுக்குக் கொழுப்பு' என்றால்? 'தின்ன கொழுப்பு', 'கொழுப்பெடுத்துப் போய்த் திரியறான்' என்றால்? நண்டு கொழுத்தால் வளையில் இருக்காது என்ற பழமொழி தெரியாதவர் யார்? செழிப்பு ஒரு அளவைத் தாண்டினால் அது ஒழுங்கை மீறும் என்ற எண்ணம் அந்த ஒரு வேருக்குள்ளேயே இருக்கிறது.

'மதர்த்தல்' என்ற பழைய சொல்லும் அப்படித்தான். மிகுதல் என்றும் பொருள், செருக்குதல் என்றும் பொருள். பேச்சுத் தமிழில் 'பயிர் மதமதன்னு நிக்குது' என்று சொல்லும்போது குரலில் பெருமை இருக்கும், லேசான கவலையும் இருக்கும். லக்ஸூரியன்ட்டுக்கு ஒரே வார்த்தையில் தமிழ் கேட்டால், அகராதிகள் சொல்லும் 'செழிப்பான' என்பதைவிட இந்த 'மதமத'தான் லத்தீனுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பது என் கருத்து.

ஆங்கிலத்தின் சொந்த வேரிலும் இந்த இணைப்பு உண்டு. களைகள் மண்டி வளர்வதை ஆங்கிலத்தில் 'ரேங்க் குரோத்' என்பார்கள். இந்த ரேங்க், வகுப்பில் வாங்கும் ரேங்க் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் 'ரங்க்' என்றால் திமிர் பிடித்த, செருக்கான. பிறகு அது அடங்காமல் வளரும் செடிக்குப் போனது. அதற்கும் பிறகு, வீச்சம் அடிக்கும் பொருளுக்கும் போனது. லத்தீன், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகள். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதில்லை. விவசாயம் செய்த மக்கள் எல்லோரும் ஒரே காட்சியைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பாவமாக இருந்த சொல் பெருமையாக மாறியது எப்படி?

மனிதர்களைக் குறித்த கிளைக்கு வருவோம். ஐரோப்பாவில் கிறிஸ்தவம் பரவிய பிறகு, ஏழு கொடிய பாவங்கள் பட்டியலில் லுக்ஸூரியா சேர்ந்தது. அங்கே அதற்கு அர்த்தம் காமம். இன்றைக்கும் பிரெஞ்சில் 'லுக்ஸூர்', இத்தாலியில் 'லுஸூரியா', ஸ்பானிஷில் 'லுஹூரியா' என்றால் காமவெறிதான். சொகுசுக்கு பிரெஞ்சில் 'லுக்ஸ்' என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் மாற்றிச் சொன்னால் பாரிஸில் மானம் போகும்.

ஆங்கிலத்திலும் 14ஆம் நூற்றாண்டில் லக்ஸரி என்றால் காமம்தான். 17ஆம் நூற்றாண்டில்தான் விலை உயர்ந்த சுகபோகம் என்ற பக்கம் சாய்ந்தது. பிறகு வியாபாரம் அதைத் தத்தெடுத்துக்கொண்டது. திட்டுச்சொல்லாக இருந்தது விற்பனைச் சொல்லாகிவிட்டது.

பழைய வாசனை முழுசாகப் போய்விடவில்லை. நமது அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 62ஆவது பதிவைப் பாருங்கள். ஜிஎஸ்டிக்காக 2016இல் திருத்தப்படும் வரை, சொகுசு மீதான வரி என்ற அதே வரியில் கேளிக்கை, பந்தயம், சூதாட்டம் எல்லாம் சேர்ந்திருந்தன. இந்தப் பதிவில் வரும் 'லக்ஸரி' என்றால் என்ன என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. சிகரெட் போன்ற பொருட்கள் மீது மாநிலங்கள் சொகுசு வரி போடலாமா என்பதுதான் வழக்கு. காட்ஃப்ரே பிலிப்ஸ் வழக்கில் 2005இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பு சொன்னது: அங்கே லக்ஸரி என்பது அனுபவிக்கும் செயலைத்தான் குறிக்கும், பொருளைக் குறிக்காது. ஒரு சொல்லின் அர்த்தத்தில் மாநிலங்களின் வரி வருமானமே தொங்கிக்கொண்டிருந்தது.

நாம் தமிழில் போடும் சொற்களும் வெளியூர்க்காரர்கள்தான். 'சொகுசு' தெலுங்கின் 'சொகசு' வழியாக வந்தது. அங்கே அழகு என்று பொருள். 'ஆடம்பரம்' சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. அங்கே முதலில் அது ஒரு வகை முரசு, அதன் பேரொலி. சத்தம் போட்டுக் காட்டுவதுதானே ஆடம்பரம்!

அடுக்குப் பூவுக்கும் இதே சொல்

செடிகளுக்குப் பெயர் வைக்கும் முறையை வகுத்த சுவீடன் விஞ்ஞானி லின்னேயஸ், 1751இல் வெளிவந்த ஃபிலோஸோஃபியா பொட்டானிகா நூலில் 'லுக்ஸூரியான்ஸ்' பூக்கள் என்று ஒரு வகையைப் பிரித்தார். எவை தெரியுமா? இயல்புக்கு மேல் இதழ் வைத்த பூக்கள். நம்ம வீட்டு அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு நந்தியாவட்டை எல்லாம் இந்த ரகம்.

பூக்காரம்மாவிடம் அடுக்குக்குத்தான் மவுசு. ஆனால் லின்னேயஸ் கண்ணில் அது கோளாறு. ஏன் என்றால், பல அடுக்குப் பூக்களில் கூடுதல் இதழ்கள் வேறெங்கிருந்தும் வருவதில்லை. மகரந்தத் தாள்களே இதழாக மாறிவிடுகின்றன. மகரந்தம் தர வேண்டிய உறுப்பு அலங்காரத்துக்குப் போய்விட்டால் விதை பிடிக்காது. முழுசாக அடுக்கான பூச்செடியை பதியம் போட்டோ, குச்சி நட்டோதான் பெருக்க வேண்டியிருக்கும்.

எக்ஸூபரன்ட், லஷ் எல்லாம் என்ன?

இதே பொருளில் வரும் இன்னும் இரண்டு சொற்களையும் சட்டென்று பார்த்துவிடலாம். எக்ஸூபரன்ட் என்பதில் இருப்பது 'ஊபெர்' என்ற லத்தீன் சொல். அதற்குப் பசுவின் மடி என்றும் பொருள், வளமான என்றும் பொருள். சமஸ்கிருதத்தில் மடிக்கு 'ஊதர்', ஆங்கிலத்தில் 'அடர்'; எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய உறவு. மடி நிறைந்து வழிவதுதான் எக்ஸூபரன்ட். அமெரிக்க மத்திய வங்கித் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான் 1996 டிசம்பரில், பங்குச்சந்தை அளவு மீறி ஏறுவதைக் குறித்து 'அறிவுக்குப் பொருந்தாத உற்சாகம்' என்ற பொருளில் பேசியபோது பயன்படுத்தியது இந்த வேர்ச்சொல்தான். மனை விலை ஏறும் ஊர்களில் அந்தத் தொடரை இப்போதும் பொருளாதார நிபுணர்கள் எடுத்துப் போடுவார்கள்.

'லஷ் கிரீன்' என்பதில் வரும் லஷ், லக்ஸரி குடும்பம் இல்லை. அது 'தளர்ந்த, மெத்தென்ற' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல் வழியாக வந்தது. பயிர் சாயும் கதையை மேலே படித்தவர்களுக்கு, மெத்தென்ற தண்டும் செழிப்பும் ஏன் ஒரே சொல்லில் சேர்ந்தன என்று விளக்க வேண்டியதில்லை.

ஏரி பச்சையாக இருந்தால் நல்லதா?

இப்போது மறுபடியும் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதிக்கு வருவோம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். இன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் அதிலிருந்து வந்ததுதான். ஊருக்கு ஒரு ஏரி. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குத்தான் வந்து சேர்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு செம்பரம்பாக்கம் என்ற பெயர் சென்னையில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஏரியின் தலைமாட்டில் இருப்பது இந்தத் தொழிற்சாலைப் பகுதி.

ஏரிகளை இரண்டு செடிகள் மூடிக்கொள்கின்றன. தண்ணீர் இருக்கும் இடத்தில் ஆகாயத்தாமரை. தண்ணீர் வற்றிய இடத்தில் சீமைக்கருவேலம்; வட மாவட்டங்களில் இதை வேலிகாத்தான் என்றுதான் சொல்வார்கள். இரண்டுமே தென் அமெரிக்காவிலிருந்தும் அதை ஒட்டிய பகுதிகளிலிருந்தும் வந்தவை. இரண்டுமே அகராதிப்படி அப்பழுக்கில்லாத லக்ஸூரியன்ட்.

செய்திகளில் ஆகாயத்தாமரை என்று நாம் எழுதும் இந்தச் செடிக்கு வெங்காயத்தாமரை என்ற பெயர்தான் பொருத்தம். தாவரவியலில் ஆகாயத்தாமரை என்பது முட்டைக்கோஸ் மாதிரி மிதக்கும் வேறொரு செடி. வெங்காயத்தாமரையின் லத்தீன் பெயரில் இருக்கும் 'கிராஸிபெஸ்' என்றால் தடித்த கால். ஊதிப்போன அந்தக் காம்பைப் பார்த்து வைத்த பெயர். காம்புக்குள் காற்று இருப்பதால்தான் மிதக்கிறது. வசதியான சூழல் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் இரண்டு மடங்காகிவிடும்.

அந்த வசதி எது? தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும். அதாவது வயலில் காசு கொடுத்துப் போட்ட அதே தழைச்சத்தும் மணிச்சத்தும். வீடுகளும் விடுதிகளும் பெருகும் இடத்தில் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஏரியில் கலந்தால், செடிக்கு அது இலவச உரம். பச்சைக் கம்பளம் தண்ணீரை மூடும். அடியில் வெளிச்சம் போகாது, ஆக்சிஜன் குறையும், மீன் சாகும். மழைக்காலத்தில் மதகிலும் கலங்கலிலும் கும்பலாகப் போய் அடைத்துக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் புல்வெளி மாதிரி இருக்கும். பக்கத்தில் போனால் நாற்றம் அடிக்கும்.

வேலிகாத்தான் கதை வேறு. 1870களில் விறகுக்காகத் திட்டமிட்டு இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. இதன் பழைய லத்தீன் பெயரில் உள்ள 'ஜூலிஃப்ளோரா'வைப் பார்த்து ஜூலை மாதம் பூக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் 'யூலுஸ்' என்றால் பூனைவால் மாதிரி தொங்கும் பூங்கொத்து. வறட்சியிலும் பச்சையாக நிற்கும். மே மாதத்தில் ஏரிக்குள் நடுவில் பச்சை தெரிந்தால் பெரும்பாலும் இதுதான். சீமைக்கருவேலத்தை அகற்றக் கோரிய வழக்குகள் உயர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் நடந்தன. அதன் தொடர்ச்சியாக தமிழ்நாடு அரசு 2022இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது.

இந்த இடத்தில் தமிழ்ச் செய்தி நடை ஆங்கிலத்தைவிடக் கூர்மையாக இருக்கிறது. பயிர் என்றால் 'செழித்து வளர்ந்துள்ளது' என்கிறோம். புதர் என்றால் 'மண்டிக் கிடக்கிறது' என்கிறோம். ஏரியில் தாமரை 'ஆக்கிரமித்துள்ளது' என்கிறோம். ஆங்கிலத்தின் லக்ஸூரியன்ட் மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடும். மொழிபெயர்க்கும்போது எதைப் போடுவது என்று முடிவு செய்ய, வளர்வது என்ன செடி, யாருடைய இடத்தில் வளர்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

மனை வாங்குபவர்களும் அதையே பார்த்தாக வேண்டும். 'பசுமை சூழ்ந்த ஏரி வியூ' என்று காட்டப்படும் இடத்தை ஒருமுறை கோடையிலும் ஒருமுறை நவம்பர் மழையிலும் போய்ப் பாருங்கள். பச்சை மிதக்கிறதா, கரையில் நிற்கிறதா, ஏரிக்கு நடுவில் நிற்கிறதா என்று கவனியுங்கள். ஏரிக்குள் எந்தப் பக்கமிருந்து குழாய், வாய்க்கால் வருகிறது என்று விசாரியுங்கள். சர்வே எண்ணை வைத்து பட்டாவையும் 'அ' பதிவேட்டையும் தமிழ்நாடு அரசின் இணைய சேவையிலேயே பார்க்கலாம். மனைக்கும் அதை ஒட்டிய எண்களுக்கும் எதிரே ஏரி, வாய்க்கால், கலங்கல், நீர்நிலை புறம்போக்கு என்ற வார்த்தைகளில் ஏதாவது இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் வட்டாட்சியர் அலுவலகம் போய்வருவது நல்லது.